கைம்பெண்ணுக்காகச் சிறை சென்றவர்: சீகன்பால்க்கின் இரக்கமும் அதன் எல்லையும்

தோணிரேவு முதலான பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களுக்கு இரக்கம் புதிய விருந்தாளி அன்று. புயல் அடித்த மறுநாள் அது அரிசி மூட்டையாக வரும். டிசம்பரில் கேக்காகவும் சேலையாகவும் வரும். பள்ளி திறக்கும் காலத்தில் நோட்டுப் புத்தகமாக வரும். கொண்டு வருபவர்களில் பலர் மனமார உதவ விரும்பும் நல்லவர்கள். ஆனால் அவர்கள் திரும்பிச் சென்ற பிறகும் ஏரியில் யார் வலை விரிக்கலாம் என்னும் கேள்வி அப்படியே இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் வளமான மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பங்கிடும் வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். அந்தப் பங்கு பிறப்பால் வருவது. பட்டினவர் குப்பங்களுக்கு உரியதாக வழிவழியாக வருவது. தலித் மக்களும் இருளர்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களில் பலர் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

இப்பகுதியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குச் செல்லும்போது கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் நம்மிடம் ஒரே ஐயத்தைப் பல விதமாகக் கேட்கிறார்கள். அயலாரிடம் அன்புகூர வேண்டும் என்று சபையில் கற்பிக்கப்படுகிறது. அந்த அன்பு உதவி செய்வதோடு நின்றுவிட வேண்டுமா? அதிகாரத்தை எதிர்த்து வழக்காடவும் அதற்கு இடம் உண்டா? வழக்காடுவது அன்புக்கு மாறானது என்று மூத்தவர்கள் சிலர் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஐயத்துக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இதே சோழமண்டலக் கடற்கரையில், தெற்கே தரங்கம்பாடியில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்து மறைந்த பர்த்தலோமேயு சீகன்பால்க்கின் வாழ்வில் அது இருக்கிறது. பாடநூல்கள் அவரை அச்சுக் கலையின் முன்னோடியாக அறிமுகம் செய்கின்றன. தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டவர் என்று சபைகள் அவரைக் கொண்டாடுகின்றன. இரண்டும் உண்மை. ஆனால் ஓர் ஏழைக் கைம்பெண்ணின் வழக்கில் தலையிட்டதால் அவர் நான்கு மாதங்களுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தார் என்பதைப் பேசுவோர் குறைவு. தலித் விடுதலை நோக்கில் அவரைப் படிக்கும் நமக்கு அதுவே முதன்மையான நிகழ்வு.

அடிமைகள் ஏற்றப்பட்ட கரை

அவர் வந்து இறங்கிய கடற்கரை எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் இக்கரையில் வரிசையாகக் கோட்டை கட்டின. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். டேனியர்கள் 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் தரங்கம்பாடியைப் பெற்று டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். துணியும் மிளகும் மட்டும் இக்கோட்டைகளின் சரக்கு அல்ல. பஞ்சமும் போரும் வந்த காலங்களில் மனிதர்களும் சரக்காயினர். பசியால் தம்மையோ தம் பிள்ளைகளையோ விற்க நேர்ந்தவர்களும், தரகர்களால் பிடிக்கப்பட்டவர்களும் பழவேற்காடு முதலான துறைகளிலிருந்து பல்லாயிரக்கணக்கில் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஐரோப்பியர் வீடுகளிலும் அடிமைகள் இருந்தனர். ஊருக்குள் சாதி ஏற்கெனவே மனிதர்களைப் பிரித்து வைத்திருந்தது. கோட்டை அந்தப் பிரிவினையின் மீது தன் விலைப்பட்டியலை ஒட்டியது.

இந்தக் கரைக்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று சீகன்பால்க் வந்து சேர்ந்தார். செர்மனியின் சாக்சனி நாட்டில், புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில், 1682-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல் வலிமை அற்றவர். வாழ்நாள் முழுவதும் நோயோடு போராடியவர். ஹாலே நகரில் அவர் கல்வி கற்றபோது அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஆதரவற்றோருக்கு இல்லமும் நடத்திக்கொண்டிருந்தார். இறைப்பற்று உள்ளத்து உணர்வாக மட்டும் இருந்தால் போதாது, அது பசித்த பிள்ளைக்குச் சோறாகவும் எழுத்தறிவாகவும் மாற வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. தாய் தந்தையற்று வளர்ந்த இளைஞருக்கு அக்கொள்கை நூலில் படித்த பாடமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்கு உட்பட்ட இந்தியப் பகுதிக்கு இறைப்பணியாளர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்க்கும் அவருடைய தோழர் ஹைன்ரிக் புளுட்சாவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறினர். ஏழு மாதங்களுக்கும் மேலான பயணம். தரங்கம்பாடியில் அவர்களை வரவேற்க யாரும் இல்லை. கோட்டையின் தளபதி யோகான் சிகிஸ்முண்ட் ஹாசியஸ் அவர்களைக் காக்க வைத்தார், கடிந்து பேசினார், தங்க இடம் தராமல் தெருவில் விட்டார். மன்னரின் ஆணை அவர்கள் கையில் இருந்தது. ஆனால் கரையில் ஆட்சி செய்தது வணிக நிறுவனம். அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் கற்பிக்க வந்தவர்களால் வணிகத்துக்குத் தொல்லை வரும் என்று அது அஞ்சியது. அந்த அச்சம் வீண் போகவில்லை.

மணலில் எழுதிய கைகள்

வந்த சில நாள்களிலேயே இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டனர். ஐரோப்பியர் வீடுகளின் அடிமைகள் பேசிய போர்த்துக்கீசிய மொழியைப் புளுட்சாவ் கற்றார். சீகன்பால்க் தமிழைத் தேர்ந்தார். வயது முதிர்ந்த திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களோடு அவருடைய இருப்பிடத்துக்கே வந்து பாடம் நடத்தினார். அந்த ஐரோப்பியர் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் கற்றார். ஆளவந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் துபாசி வழியாகவே பேசிய காலம் அது. மொழிபெயர்ப்பாளரின் தயவு இல்லாமல் எளிய மனிதர் தம் குறையை நேரே சொல்லும் வழி இதனால் திறந்தது. பின்னர் கைம்பெண் ஒருவர் அவரைத் தேடி வர முடிந்ததற்கு இந்தத் தமிழறிவும் ஒரு காரணம்.

அவருடைய முதல் மாணவர்கள் அடிமைகள். அவர்களை நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாடத்துக்கு அனுப்புமாறு டேனிய எசமானர்களிடம் அவர் கேட்டுக்கொண்டார். 1707 மே 12 அன்று ஐந்து அடிமைகள் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழர்களின் முதல் குழு திருமுழுக்குப் பெற்றது. டேனியர் வழிபடுவதற்கு 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் ஊரில் இருந்தது. தமிழர்களுக்கும் அடிமைகளுக்குமாக 1707 ஆகஸ்டில் சிறிய ஆலயம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்குப் புதிய எருசலேம் என்று பெயரிட்டனர். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சேர்ந்ததால் வேலையையும் உறவையும் இழந்தவர்கள் பலர். அவர்களுக்கு உணவும் பிழைப்பும் தேடித் தரும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

பள்ளிகள் தொடங்கப்பட்டன. சிறுமியருக்கும் பள்ளி திறந்தார். பிள்ளைகளுக்குக் கல்வியோடு உணவும் உடையும் தங்குமிடமும் கொடுத்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் அது சிறிய செயல் அன்று. ஆயினும் இதுவரை நாம் கூறியவை எல்லாம் எந்த அதிகாரியும் முகம் சுளித்துக்கொண்டே பொறுத்துப்போகக்கூடிய இரக்கம். பிள்ளைகளுக்குச் சோறு போடுபவரை யாரும் சிறையில் தள்ளுவதில்லை. அவர் சிறைக்குச் சென்றது வேறொரு காரணத்துக்காக.

ஒரு கடன் வழக்கு

1708-இல் முடிதிருத்தும் தொழில் செய்த தமிழர் ஒருவரின் கைம்பெண் சீகன்பால்க்கின் உதவியை நாடினார். இறந்துபோன கணவருக்கும், வணிக நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே இருந்த கடன் பற்றிய வழக்கு அது. ஒரு பக்கம் கோட்டையின் மொழி தெரிந்த, கோட்டையில் சம்பளம் பெறும் ஒருவர். மறுபக்கம் கணவனை இழந்த, தாழ்த்தி வைக்கப்பட்ட தொழிற்குலத்துப் பெண். நீதி வழங்க வேண்டிய தளபதியின் காதாகவும் வாயாகவும் இருந்தவர்கள் இத்தகைய மொழிபெயர்ப்பாளர்களே. இந்த வழக்கின் சமநிலையின்மை எவ்வளவு பெரியது என்பதைக் காவல் நிலைய வாசலில் காத்திருந்து பழகிய எவரும் அறிவர்.

சீகன்பால்க் அவருக்காகத் தளபதியிடம் பேசினார். பயனில்லை. மீண்டும் பேசினார். ஒரு கட்டத்தில் அந்தப் பெண்ணை டேனியர்களின் ஆலயத்துக்கே சென்று, தளபதியின் முன் முழந்தாளிட்டு முறையிடுமாறு கூறினார். இந்த அறிவுரையை இன்று படிக்கும்போது நமக்கு உறுத்துகிறது. உரிமை கேட்க வந்தவர் ஏன் மண்டியிட வேண்டும்? ஆனால் அந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். கோட்டைக்குள் தளபதியைக் காண அவருக்கு வழியில்லை. ஆலயத்தில் தளபதி தம்மை இறைவனின் முன் நிற்கும் ஒரு கிறித்தவராக எல்லோருக்கும் காட்டிக்கொள்கிறார். அந்த இடத்தில், டேனியச் சபை முழுவதும் பார்த்திருக்க, ஓர் ஏழைத் தமிழ்ப் பெண் தம் குறையை வைக்கிறார். மூடிய அறையில் முடிக்கப்படவிருந்த வழக்கு வழிபாட்டின் நடுவே பொது வழக்காகிறது. ஹாசியஸ் இதைப் பொறுக்கவில்லை.

தம் முன் வந்து நிற்குமாறு சீகன்பால்க்குக்கு ஆள் அனுப்பினார். எழுத்து வடிவிலான அழைப்பாணை தந்தால் வருவதாக அவர் பதிலளித்தார். உடனே கைது செய்யப்பட்டார். விசாரணையில் கேள்விகளுக்கு விடை சொல்ல மறுத்தார். 1708 நவம்பரில் அவரைச் சிறையில் அடைத்தனர். 1709 மார்ச் இறுதியில்தான் விடுவித்தனர்.

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இந்த இரண்டு மறுப்புகளும் நம்மை நிறுத்தி வைக்கின்றன. வாய்மொழி அழைப்புக்கு ஓடிச் செல்ல மறுத்து எழுத்தில் கேட்டது ஒன்று. அதிகாரம் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாமல் மௌனம் காத்தது மற்றொன்று. தலித் குடியிருப்புகளில் நாம் இன்றும் கற்பிப்பவை இவையே. காவலர் கூப்பிட்டால் அழைப்பாணை எங்கே என்று கேளுங்கள். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆவது உறுப்பு அந்த மௌனத்தை இன்று உரிமையாக்கியிருக்கிறது. 1708-இல் அத்தகைய உறுப்பு எதுவும் அவருக்குத் துணை நிற்கவில்லை. மன்னர் அனுப்பியவர் என்ற பெயரும் வெள்ளைத் தோலும் அவரைக் காக்கப் போதவில்லை. எளியவரோடு நின்ற கணத்தில் அந்தப் பாதுகாப்பு உதிர்ந்துபோனது.

இங்கே இரக்கத்தின் தன்மை மாறுவதை மாணவர்கள் உற்று நோக்க வேண்டும். கைம்பெண்ணுக்கு ஒரு படி அரிசியும் சில பணமும் கொடுத்து அனுப்பியிருந்தால் அவருக்குச் சிறை இல்லை. தளபதியும் அவரை ஒருவேளை பாராட்டியிருப்பார். அவர் அந்தப் பெண்ணின் வறுமையை ஆற்ற வேண்டிய புண்ணாக மட்டும் பார்க்கவில்லை. அவர் மீது இழைக்கப்படும் அநீதியாகப் பார்த்தார். அநீதி என்று பார்த்தால் அதை இழைப்பவர் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி தம் இனத்தவரை நோக்கி, தம் மதத்தவரை நோக்கி, தாம் சோறு உண்ணும் கோட்டையை நோக்கிப் போனபோதும் அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியன் கதையைச் சபைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. அடித்தவர்கள் யார் என்று கேட்கும் துணிவையும் அன்பின் பகுதியாகச் சேர்த்தவர் சீகன்பால்க்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வை விவரிக்கும் நூல்கள் சீகன்பால்க்கின் பெயரையும் ஹாசியஸின் பெயரையும் சொல்கின்றன. வழக்குக்கு உரியவரைக் கைம்பெண் என்றே சொல்லிக் கடந்து போகின்றன. அவர் முறையிட்டதால்தான் இந்த வரலாறு நடந்தது. கோட்டையின் ஆளை எதிர்த்து வழக்காடத் துணிந்தவர் முதலில் அவரே. தமக்குத் துணை நின்றவர் சிறையில் இருக்க, அதே ஊரில், அதே தளபதியின் ஆட்சியில் வாழ வேண்டியிருந்தவரும் அவரே. இந்தக் கதையில் வீரர் ஒருவர் மட்டும் இல்லை.

கற்கத் தொடங்கிய மனம்

சிறையில் அவர் நூல்கள் எழுதினார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1709-இல் யோகான் எர்னஸ்ட் குருண்ட்லர் துணையாக வந்து சேர்ந்தார். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு 1711-இல் முடிந்தது. இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ப்புக் கழகம் அச்சு இயந்திரம் அனுப்பியது. 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. மறைநூலை ஓதவும் கேட்கவும் யாருக்கு உரிமை என்பதைச் சாதி முடிவு செய்த நாட்டில், எழுத்தறிந்த எவர் கையிலும் வைக்கக்கூடிய அச்சுநூல் ஒன்று வந்தது. இதன் சமூகப் பொருளைத் தலித் மக்கள் பின்னாளில் தம் பள்ளிகளிலும் இதழ்களிலும் மெய்ப்பித்தனர்.

அவர் குறையற்றவர் அல்லர். வந்த புதிதில் தமிழர் வழிபாட்டை இருளென்றே கண்டார். கோயில் ஒன்றில் சிறு உருவங்களைக் கீழே தள்ளி உடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். எளிய மக்களின் தெய்வங்களைச் சிதைப்பதை எந்த இரக்கத்தின் பெயராலும் நாம் ஏற்க முடியாது. ஆனால் மொழி அவரை மாற்றத் தொடங்கியது. தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகியவற்றைச் செர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி அவர்கள் எழுதிய மறுமொழிகளைக் குருண்ட்லரோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். அவ்வாறு தொகுக்கப்பட்ட மடல்கள் 99. கிறித்தவர்களின் ஒழுக்கம் பற்றிய கடுமையான கண்டனங்களும் அவற்றில் இருந்தன. அவற்றை மறைக்காமல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை அச்சிட அவருடைய ஆசான் பிராங்கே மறுத்துவிட்டார். அத்தகைய நூல்களை எழுதுவதற்காக அவர் அனுப்பப்படவில்லை என்பது ஹாலேயின் எண்ணம். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. இரக்கம் காட்டப்படுபவரைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவருக்குக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. தரையில் அமர்ந்து அகரம் கற்றவரால் அப்படி நினைக்க முடியவில்லை.

தளபதியோடு இருந்த பிணக்கு தீரவில்லை. 1714-இல் ஐரோப்பா சென்று மன்னரிடம் முறையிட்டார். மரியா டோரதியாவை மணந்தார். தமிழ் இலக்கண நூல் ஒன்றை 1716-இல் ஹாலேயில் அச்சிட்டார். அவ்வாண்டே திரும்பினார். 1717-இல் பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11 அன்று திறந்தார். இன்று தரங்கம்பாடியில் நாம் காணும் புதிய எருசலேம் ஆலயம் அதுதான். ஆனால் கோபனேகனில் இருந்த பணிக்குழுவின் செயலாளர் வெண்ட், கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் செலவிடுவதைக் கண்டித்து எழுதினார். உலகப் பொருள் ஏதுமின்றி ஊர் ஊராகச் சென்று போதிப்பதே பணி என்பது அவர் வாதம். பசித்த பிள்ளைகளின் நடுவே இருந்தவருக்குத் தொலைவில் இருந்தவரின் கண்டனம் பேரிடியாக இறங்கியது. ஏற்கெனவே நொந்திருந்த உடல் தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று, 36-ஆம் வயதில், அவர் இறந்தார். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சபை மறந்த பாடம்

அவர் மறைந்த பிறகு அந்தச் சபை என்ன செய்தது என்பதையும் சேர்த்தே அவர் வாழ்வைப் படிக்க வேண்டும். 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் சாதியில் பறையர் அல்லர். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் தஞ்சைப் பகுதியில் பணி செய்தார். பறையர் குலத்தில் பிறந்து தஞ்சைப் படையில் வீரராக இருந்தவர். பகையையும் தாக்குதலையும் தாங்கி ஊர் ஊராகச் சபைகளை வளர்த்தவர். அவருக்குக் குருப்பட்டம் தரலாமா என்ற கேள்வி எழுந்தபோது பணியாளர்கள் பின்வாங்கினர். அவருடைய தகுதியில் அவர்கள் குறை காணவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் மறுப்பார்கள் என்று தயங்கினர். அவர் உபதேசியாராகவே இருந்து இறந்தார்.

கைம்பெண்ணுக்காகச் சிறை சென்றவரின் சபையே இந்த முடிவை எடுத்தது. அந்தப் பணியாளர்கள் கொடியவர்கள் அல்லர். இராஜநாயக்கனை மதித்தனர், நேசித்தனர். ஆனால் அந்த நேசத்தால் சாதிக் கிறித்தவரின் முகம் கோண விடத் துணியவில்லை. எழுத்தில் ஆணை கேட்டு ஒரு தளபதியை எதிர்த்த மரபு, தன் உறுப்பினரின் சாதி உணர்வுக்கு முன் பணிந்தது. தமிழகத் திருச்சபைகளில் பின்னாளில் வேரூன்றிய தனி இருக்கைகளும், தனிக் கல்லறைகளும், திருச்சியில் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து நின்ற சுவரும், 2008-இல் எறையூரில் வெடித்த மோதலும் இந்தத் தயக்கத்தின் தொடர்ச்சி என்றே நாம் கருதுகிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இதே கடற்கரையைத் தாக்கியது. தரங்கம்பாடி பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் உதவி குவிந்தது. அவற்றில் கிறித்தவ அமைப்புகளின் பங்கு பெரிது. ஆனால் நாகை மாவட்டத்தில் அந்த உதவி பல இடங்களில் சாதியின் வாய்க்கால் வழியாகவே பாய்ந்தது. முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகு இழந்தவர் கணக்கில் வந்தார். படகே இல்லாமல் கூலிக்கு மீன் சுமந்தவரும், உப்பளத்தில் உழைத்தவரும் கணக்கில் வரவில்லை. கொடுத்தவர்களுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. யாரிடம் கொடுக்கிறோம், விடுபட்டவர் யார் என்று அவர்களில் பலர் கேட்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

சட்டத்தின் முன்னும் அதே நிலைதான். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், ஆதி திராவிடத் தொழிலாளர்களுக்கு அரசு வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே ஆழத்தில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மத அடிப்படையிலான இந்த விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சாதியால் தாக்கப்படும் ஒரு தலித் கிறித்தவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கும்போது, அவருடைய மதமே அவருக்கு எதிரான வாதமாக வைக்கப்படுகிறது. சூசையிடம் சான்று கேட்டது நீதிமன்றம். அந்தச் சான்றைத் தம் கல்லறைத் தோட்டங்களிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கக்கூடியவை திருச்சபைகள்.

ஆகவே ஏரிக்கரை மாணவர்களின் ஐயத்துக்கு நம் விடை இது. வழக்காடுவது அன்புக்கு மாறானது அன்று. சீகன்பால்க்கின் வாழ்வில் அன்பு தன் முழு அளவை எட்டியது அவர் வழக்கில் தலையிட்ட போதுதான். அவருடைய பள்ளிகளையும் அச்சகத்தையும் நன்றியோடு நினைப்போம். ஆனால் அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லும் சபைகளிடம் வேறு சிலவற்றைக் கேட்போம். டிசம்பரில் சேலை கொடுக்கும் சபை, பாடு முறையில் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் பங்கு வேண்டும் என்று மீன்வளத் துறைக்கு எழுத்தில் கேட்குமா? பாட்டன் காலத்து மதமாற்றத்தைக் காட்டிச் சான்றிதழ் மறுக்கப்படும் பிள்ளைக்காக வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறுமா? தன் உறுப்பினரில் ஒரு சாரார் முகம் கோணினாலும், தகுதியுள்ள தலித் ஒருவரைத் தலைமை இருக்கையில் அமர்த்துமா?

இந்தக் கேள்விகளை மாணவர்கள் தத்தம் சபைக் கூட்டங்களில் எழுப்ப வேண்டும். கேட்பது பணிவின்மை என்று சொல்லப்பட்டால், தரங்கம்பாடிக் கோட்டையில் எழுத்தில் அழைப்பாணை கேட்டவரை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அவர் முன்னிலையில் தம் வழக்கை எடுத்துச் சென்ற அந்தக் கைம்பெண்ணையும் மறவாமல் நினைவூட்டுங்கள்.